வேகம் கூட்டாமல் நடை மாற்றுவது

குதிரையேற்றம் கற்க ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆனவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இந்தக் குறையோடு வருவார்கள். “வாக்கில் சொன்னபடி கேட்கிறது. ட்ராட்டும் பரவாயில்லை. கேண்டர் கேட்டால் மட்டும் தலையைத் தூக்கிக்கொண்டு ட்ராட்டிலேயே தடதடவென்று ஓடுகிறது. எப்படியோ கேண்டர் வந்துவிட்டால், அதிலிருந்து இறங்கச் சொல்லும்போது என் கையை இழுத்துக்கொண்டு முன்பக்கமாகச் சரிகிறது. பிடிவாதம் பிடித்த குதிரையோ?”

பிடிவாதத்தை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். குதிரை தன் உடம்புக்குத் தெரிந்த வழியில் நடையை மாற்றுகிறது. நாம் அதனிடம் கேட்பது வேறொரு வழி. இரண்டுக்கும் உள்ள தூரம் புரிந்துவிட்டால் கையும் காலும் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகிவிடும். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

கண்ணை மூடிக்கொண்டு குளம்புச் சத்தத்தைக் கேட்டாலே எந்த நடை என்று சொல்லிவிடலாம். வாக்கில் நான்கு தட்டு: இடது பின்னங்கால், இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால். ட்ராட்டில் இரண்டே தட்டு. ஒரு முன்னங்காலும் அதற்கு எதிர்மூலையில் உள்ள பின்னங்காலும் சேர்ந்து விழும். அந்த ஜோடி எழுந்து அடுத்த ஜோடி விழுவதற்குள் குதிரை ஒரு கணம் அந்தரத்தில் இருக்கும். கேண்டரில் மூன்று தட்டு, பிறகு ஒரு மௌனம். அந்த மௌனத்தில் நான்கு கால்களும் தரையை விட்டிருக்கும். கேண்டரின் நடுத் தட்டு இரண்டாகப் பிரிந்து நான்கு தட்டானால் அது கேலப். இவையெல்லாம் வெறுங்கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் நடப்பவை. 1878இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்து ஓடும் குதிரையைப் படம் எடுத்தபிறகுதான், பாயும் குதிரையின் கால்கள் உண்மையில் எங்கே இருக்கின்றன என்று உலகம் பார்த்தது. அதற்கு முந்தைய ஐரோப்பிய ஓவியங்களில் குதிரைகள் முன்னங்கால்களை முன்னாலும் பின்னங்கால்களைப் பின்னாலும் நீட்டிக்கொண்டு பறக்கும். எந்தக் குதிரையும் அப்படி ஓடுவதில்லை.

ஆக, நடை மாற்றம் என்றால் ஓடுகிற ஓட்டத்திலேயே கால்களின் வரிசையை மாற்றி அடுக்குவது. ட்ராட்டிலிருந்து கேண்டருக்குப் போக, சேர்ந்து விழுந்துகொண்டிருந்த ஒரு ஜோடி பிரிய வேண்டும். அந்த ஜோடியின் பின்னங்கால் மட்டும் முன்கூட்டியே தரைக்கு வந்து, ஒரு கணம் உடம்பு முழுவதையும் தனியாகத் தாங்க வேண்டும். ஏறக்குறைய 500 கிலோ உடம்பு, மேலே நீங்கள், கீழே ஒற்றைப் பின்னங்கால். பலமும் சமநிலையும் இல்லாத குதிரைக்கு இது கடினமான வேலை.

அப்படியானால் காட்டில், மேய்ச்சலில், யாரும் ஏறாத குதிரை எப்படி நடையை மாற்றுகிறது? வேகத்தைக் கூட்டித்தான். 1981இல் ஹோய்ட், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் சிறு குதிரைகளை டிரெட்மில்லில் ஓடவைத்து, அவை எவ்வளவு ஆக்ஸிஜனைச் செலவழிக்கின்றன என்று அளந்தார்கள். ஒவ்வொரு நடைக்கும் சிக்கனமான ஒரு வேகம் இருக்கிறது. தன் விருப்பப்படி விட்டால் குதிரை அந்த வேகங்களை ஒட்டியே போகிறது. பத்து ஆண்டுகள் கழித்து ஃபார்லி என்ற ஆய்வாளரும் அதே டெய்லரும் இன்னொன்றைக் காட்டினார்கள். ட்ராட்டின் வேகம் ஏற ஏறக் கால்களின் தசைநாரிலும் எலும்பிலும் விழும் விசை ஏறுகிறது. ஓர் அளவைத் தொட்டதும் குதிரை கேலப்புக்கு மாறுகிறது, விசை குறைந்துவிடுகிறது. முதுகில் எடை ஏற்றி ஓடவைத்தபோது, இன்னும் குறைந்த வேகத்திலேயே மாறியது.

எனக்கு இந்த இரண்டு ஆய்வுகளும் மிகவும் முக்கியமானவை. நம் குதிரை கேண்டருக்கு முன்னால் தடதடவென்று ஓடுவது கீழ்ப்படியாமை கிடையாது என்பதை இவை சொல்கின்றன. வேகம் ஏறினால் நடை மாறும் என்ற தன் உடம்பின் விதியை அது நேர்மையாகப் பின்பற்றுகிறது. நாம் கேட்பதோ அதே வேகத்தில், சில நேரம் அதைவிடக் குறைந்த வேகத்தில், நடையை மட்டும் மாற்றச் சொல்வது. வேகம் செய்துகொண்டிருந்த வேலையை இனிமேல் பின்னங்கால்களின் பலமும் உடம்பின் சமநிலையும் செய்ய வேண்டும். சேணத்தின்மேல் உட்கார்ந்து நாம் சொல்லிக்கொடுக்கும் நடை மாற்றம் முழுவதும் இந்த ஒரு கொடுக்கல் வாங்கல்தான்.

குதிரை சும்மா நிற்கும்போதே அதன் எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதம் முன்னங்கால்களில் இருக்கிறது. கழுத்தும் தலையும் அந்தப் பக்கம் நீண்டிருப்பதால் அப்படி. நாம் ஏறி உட்காருவதும் பின்னங்கால்களைவிட முன்னங்கால்களுக்குப் பக்கத்தில்தான். இன்னொரு விஷயம்: குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. நமக்குத் தோளையும் மார்பையும் எலும்பு இணைக்கிறது. குதிரையின் மார்புக்கூடோ இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவே தசைகளால் மட்டும் தொங்குகிறது. அந்தத் தசைகள் பலப்பட்டால் முன்பக்கம் உயரும். தளர்ந்திருந்தால் உடம்பு தோள்களுக்கு நடுவே அமிழும். அமிழ்ந்த நிலையில் கேண்டர் கேட்டால் குதிரை தலையைத் தூக்கி எறிந்து, கழுத்தின் உதவியால் முன்பக்கத்தை எழுப்பப் பார்க்கும். தலையைத் தூக்குவதை நிறுத்த கயிறும் வாரும் போட்டுக் கட்டுகிறவர்கள் இந்தக் காரணத்தைப் பார்ப்பதில்லை.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு அடுக்கும் உண்டு. சென்னையிலும் பெங்களூருவிலும் குதிரையேற்றப் பள்ளிகளில் நீங்கள் ஏறும் குதிரை பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட்டாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பந்தயத்தில் ஜாக்கி அங்கவடியைக் குட்டையாக வைத்து, சேணத்தில் உட்காராமல் எழுந்து நிற்பார். குதிரை கடிவாள இரும்பில் சாய்ந்துகொண்டு ஓடப் பழகியிருக்கும். அதற்குக் கடிவாள வாரின் இறுக்கம் என்றால் ஓட்டத்துக்குத் துணை. வயிற்றோடு ஒட்டிக் கீழே தொங்கும் கால் என்றால் அதற்குப் பழக்கமில்லாத பொருள். நீங்கள் பயந்து வாரை இறுக்குகிறீர்கள். அது சாய்ந்துகொள்ள இடம் கிடைத்தது என்று எடுத்துக்கொள்கிறது. இருவர் பேசும் மொழியும் வேறு. பந்தயத்திலிருந்து வந்த குதிரையிடம் கேண்டர் கேட்பதற்கு முன், வாக்குக்கும் ட்ராட்டுக்கும் நடுவே போய்வருவதில் நிறைய நாட்கள் செலவழிப்பது அதற்குச் செய்யும் நியாயம்.

அந்த வேலையை எப்படிச் செய்வது என்று பார்ப்போம். இதில் முதலில் சரியாக வேண்டியது சவாரி செய்பவரின் இருக்கை. உங்கள் சமநிலைக்கு நீங்கள் வாரைப் பிடித்துத் தொங்கினால், குதிரைக்குச் சொல்லும் செய்தி எது, உங்கள் தள்ளாட்டம் எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்க முடியாது. வியன்னாவில் உள்ள ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியில் புதிதாகச் சேரும் மாணவர்களை லஞ்ச் (lunge) எனப்படும் நீண்ட கயிற்றில் வட்டமிடும் குதிரையின்மேல், அங்கவடியும் வாரும் இல்லாமல் உட்காரவைத்துப் பழக்குகிறார்கள். உங்கள் பள்ளியிலும் பயிற்சியாளரிடம் லஞ்ச் பாடம் கேளுங்கள். சிறுபிள்ளைகளுக்கான பாடம் என்று நினைத்துப் பலர் கூச்சப்படுகிறார்கள். வளர்ந்தவர்களுக்குத்தான் அது அதிகம் தேவைப்படுகிறது.

அடுத்தது ஹாஃப்-ஹால்ட், அதாவது குதிரையை நிறுத்தாமல் ஒரு கணம் தடுத்துத் தயார்ப்படுத்தும் செய்தி. பிரெஞ்சு ஆசான் டி லா கெரினியேர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தன் நூலில் இதை விளக்கியிருக்கிறார். இன்றுவரை எல்லாக் குதிரையேற்ற ஆசிரியர்களும் ஒரு நாளைக்குப் பலமுறை சொல்லும் சொல் இது. செய்முறை இதுதான்: நிமிர்ந்து உட்கார்ந்து, அடிவயிற்றை உறுதியாக்கி, தொடைகளை லேசாக மூடுங்கள். உங்கள் இடுப்பு குதிரையின் அசைவோடு போவதை ஒரு கணம் குறையுங்கள். கெண்டைக்கால் குதிரையின் வயிற்றோடு ஒட்டி, ‘முன்னே வந்துகொண்டே இரு’ என்று சொல்லிக்கொண்டிருக்கட்டும். வட்டத்தின் வெளிப்பக்கம் இருக்கும் வாரை ஈரத்துணி பிழிவதுபோல் விரல்களால் பிழியுங்கள். உடனே விடுங்கள். எல்லாம் சேர்ந்து ஓர் அடி எடுத்துவைக்கும் நேரம்தான். பிழிவதைவிட விடுவது முக்கியம், ஏனென்றால் குதிரை கற்பது அழுத்தம் நீங்கும் கணத்தில். சரியாகப் பதில் சொன்ன மறுகணமே கை இளகினால் ‘இதுதான் கேட்டார்கள்’ என்று புரிந்துகொள்ளும். மூன்று அடி தாமதித்து இளகினால், அந்த மூன்றாவது அடியில் என்ன செய்ததோ அதைக் கற்றுக்கொள்ளும்.

வாக்கிலிருந்து ட்ராட். இருபது மீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தில் தொடங்குங்கள். சுற்றளவு ஏறக்குறைய 63 மீட்டர் வரும், நிதானமாகத் தயார் செய்ய இடம் இருக்கிறது. முதலில் வாக் சுறுசுறுப்பாக இருக்க வேண்டும். தூங்கி வழியும் வாக்கிலிருந்து நல்ல ட்ராட் வரவே வராது. வாக்கில் உங்கள் கால்கள் தானாக மாறி மாறி உள்ளே விழுவதை உணர்கிறீர்களா? குதிரையின் இடது பின்னங்கால் முன்னே வரும்போது அதன் வயிறு வலப்பக்கம் ஒதுங்கும், உங்கள் இடது கெண்டைக்கால் உள்ளே சாயும். பின்னங்கால் காற்றில் இருக்கும் அந்த நேரத்தில் கொடுத்த செய்திக்குத்தான் அது பதில் சொல்ல முடியும். தரையில் ஊன்றி எடை தாங்கி நிற்கும் காலிடம் ‘எடுத்து வை’ என்றால் அது என்ன செய்யும்? இந்த நேரம் பிடிபட்டுவிட்டால் நீங்கள் உதைக்க வேண்டியதே இருக்காது.

ஹாஃப்-ஹால்ட் ஒன்று, பிறகு இரண்டு கெண்டைக்கால்களாலும் ஒரு மெல்லிய அணைப்பு. பதில் இல்லையென்றால் அதே அணைப்பைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டிருக்காதீர்கள். கால் மரத்துப்போகும், குதிரையும் மரத்துப்போகும். சவுக்கின் நுனியால் உங்கள் காலுக்குப் பின்னால் ஒருமுறை தொட்டு நினைவூட்டி, மறுபடி மெல்லிய அணைப்பிலிருந்து தொடங்குங்கள். ட்ராட் வந்ததும் பத்துப் பன்னிரண்டு அடி போய், மறுபடி வாக். நான்கைந்து அடி வாக், மறுபடி ட்ராட். இப்படி இரண்டு சுற்றுப் போனால் குதிரையின் காதுகள் உங்கள் பக்கம் திரும்பும். அடுத்து என்ன கேட்கப்போகிறார் என்று எதிர்பார்க்கத் தொடங்கும். அந்த எதிர்பார்ப்பில் எடை கொஞ்சம் பின்னுக்கு நகர்கிறது, முதுகு உயர்கிறது. உங்களுக்குச் சேணத்துக்கு அடியில் அது தெரியும்.

இதற்குப் பிறகு நான் மிகவும் விரும்பும் பயிற்சி ஒன்று உண்டு. ட்ராட்டிலிருந்து வாக்குக்கு வரப்போவதுபோல் எல்லாத் தயாரிப்பும் செய்யுங்கள். வாக் வரப்போகும் கடைசிக் கணத்தில் மனம் மாறியவர்போல் ட்ராட்டிலேயே முன்னே அனுப்புங்கள். நடை மாறவில்லை. ஆனால் அந்த ஒரு கணத்தில் பின்னங்கால்கள் உடம்புக்கு அடியில் வந்துவிட்டன. அங்கிருந்து புறப்படும் ட்ராட் முன்னதைவிட வேறாக, மேல்நோக்கிய துள்ளலோடு இருக்கும். கேண்டருக்கான கதவு அந்த ட்ராட்டில்தான் இருக்கிறது.

கேண்டருக்கு வருவோம். வலப்பக்கம் திரும்பும் வட்டம் என்று வைத்துக்கொள்வோம். வலது கேண்டரின் முதல் தட்டு இடது பின்னங்கால். இரண்டாவது, வலது பின்னங்காலும் இடது முன்னங்காலும் சேர்ந்து. மூன்றாவது, வலது முன்னங்கால். எட்டிப்போடும் கால் இதுதான், ‘லீடு’ என்கிறார்களே, அது. எல்லோருக்கும் கண்ணில் படுவது அந்த வலது முன்னங்கால், அதனால் குனிந்து அதையே பார்க்கிறார்கள். குனிந்ததும் எடை முன்னால் போகிறது, எதை எழுப்பப் பார்க்கிறோமோ அதன்மேலேயே விழுகிறோம். நாம் பேச வேண்டியது இடது பின்னங்காலிடம். அதனால்தான் வெளிப்பக்கக் காலைக் கச்சைக்கு ஒரு கையகலம் பின்னால் வைக்கிறோம். உள்பக்கக் கால் கச்சையருகிலேயே இருந்து குதிரையை முன்னே வரச் சொல்லும். உள்பக்க இடுப்பு கொஞ்சம் முன்னால்.

ரைசிங் ட்ராட்டில் போகும்போது வெளிப்பக்கத் தோள் முன்னே போகையில் எழுந்து, பின்னே வருகையில் உட்காருகிறீர்கள் அல்லவா? கேண்டர் கேட்க அந்த உட்காரும் கணம் நல்ல நேரம். நீங்கள் உட்காரும்போது உள்பக்கப் பின்னங்கால் தரையில் இருக்கிறது. அடுத்து வரப்போவது வெளிப்பக்கப் பின்னங்கால். செய்தி அதற்குச் சரியாகப் போய்ச் சேரும்.

கேட்டதும் குதிரை ட்ராட்டிலேயே வேகம் எடுத்தால் என்ன செய்வது? நம்மில் பெரும்பாலானவர்கள் இன்னும் உதைத்து, கேண்டர் வரும்வரை துரத்துகிறோம். அதாவது, வேகத்தால் நடை மாற்றுவது என்ற பழைய வழியை நாமே இன்னொரு முறை கற்றுக்கொடுக்கிறோம். கேட்பதை உடனே விட்டுவிடுங்கள். ட்ராட்டை நிதானத்துக்குக் கொண்டுவாருங்கள், வேண்டுமென்றால் வாக்குக்கே வாருங்கள். ட்ராட் பழைய தாளத்துக்கு வந்தபிறகு மட்டும் மறுபடி கேளுங்கள். ஒரு வகுப்பு முழுக்க ஒரே ஒரு நல்ல கேண்டர் தொடக்கம் கிடைத்தால்கூட அது நல்ல வகுப்பு. கிடைத்ததும் கழுத்தைத் தடவிக்கொடுத்து, வாரை நீளமாக விட்டு, அன்றைக்கு அதோடு முடிப்பது இன்னும் நல்லது.

சில குதிரைகளுக்கு வட்டத்தைப் பதினைந்து மீட்டருக்குச் சுருக்கி, உள்பக்கக் காலால் மெல்ல மெல்ல இருபது மீட்டருக்கு விரித்து, விரிந்து முடிகிற இடத்தில் கேட்டால் சுலபமாக வருகிறது. உடம்பு வட்டத்துக்கு ஏற்ப வளைந்து, வெளிப்பக்கப் பின்னங்கால் தயாராக இருப்பதால் அப்படி. பலம் ஏறிய குதிரைக்கு வாக்கிலிருந்து நேராகக் கேண்டர் கேட்பது ட்ராட்டிலிருந்து கேட்பதைவிடத் தெளிவாக இருக்கும். ஓடுவதற்கு அங்கே ட்ராட்டே இல்லை.

இறங்குமுகம் இதைவிடக் கடினம். பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது டிரைவர் சட்டென்று பிரேக் போட்டால் எல்லோரும் முன்னால் போய் விழுகிறோமே, வாரை இழுத்து நிறுத்தப்படும் குதிரையின் உடம்பும் அப்படித்தான் தன் முன்னங்கால்மேல் விழுகிறது. கேண்டரிலிருந்து ட்ராட்டுக்கு வருவதும் ‘முன்னே வருவது’தான், பின்னங்கால்கள் அடியில் வந்து எடையை வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் இறங்கும்போதும் கெண்டைக்கால் வயிற்றை விட்டு விலகக் கூடாது. கேண்டரில் இரண்டு மூன்று அடிகளுக்கு ஓர் அடிக்கு ஒன்றாக ஹாஃப்-ஹால்ட் கொடுத்து, கேண்டர் குறுகி உயர்வதை உணர்ந்தபிறகு, உங்கள் இடுப்பு கேண்டரின் ஊஞ்சலை நிறுத்தி ட்ராட்டின் தாளத்துக்கு மாறட்டும். மூச்சை வெளியே விடுங்கள். ட்ராட் வந்ததும் கை இளகட்டும். ட்ராட்டின் முதல் நான்கு அடிகளைக் கவனியுங்கள்; அவை சீராக இருந்தால் இறக்கம் சரி, தடுமாறி ஓடினால் தயாரிப்பு போதவில்லை. நடை மாற்றத்தின் தரம் அதற்கு முந்தைய மூன்று அடிகளிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இவ்வளவும் உடம்பில் வலி இல்லாத குதிரைக்கு. கேண்டர் கேட்கும் ஒவ்வொரு முறையும் வாலைச் சுழற்றி அடிப்பது, பின்னங்கால்களைச் சேர்த்து முயல்போல் துள்ளுவது, இரண்டு பக்கமும் ஒரே லீடையே எடுப்பது, கச்சை கட்டும்போதே கடிக்க வருவது, நேற்றுவரை செய்ததை இன்று மறுப்பது — இவை பயிற்சிக் குறையாக இருப்பதைவிட வலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சேணம் தோளின் பின்பக்கத்தை அழுத்துகிறதா, கடைவாய்ப்பற்களின் விளிம்பு கூராகிக் கன்னத்தைக் கிழிக்கிறதா, முதுகிலோ பின்னங்கால் மூட்டிலோ நோவு இருக்கிறதா, லாடம் அடித்து எவ்வளவு நாளாகிறது என்று பார்க்க வேண்டும். பந்தயத்திலிருந்து வரும் குதிரைகளுக்கு வயிற்றுப்புண் அதிகம் காணப்படும் நோய். குதிரையை நாள்தோறும் தேய்த்துக் குளிப்பாட்டும் சைஸிடம் கேளுங்கள். எந்த இடத்தில் தொட்டால் அது சுருங்குகிறது என்று அவருக்குத்தான் முதலில் தெரியும். பல இடங்களில் அவரிடம் யாரும் கேட்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

நல்ல நடை மாற்றத்தைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா, அனுஷ் அகர்வாலா ஆகிய நால்வரும் நடை மாற்றங்களுக்கும் மதிப்பெண் போடும் டிரெஸ்ஸேஜ் போட்டியின் அணிப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தார்கள். குதிரையேற்றத்தில் 1982க்குப் பிறகு நமக்குக் கிடைத்த முதல் தங்கம். அனுஷ் தனிநபர் பிரிவில் வெண்கலமும் வென்றார். அந்தப் பதிவுகளைத் தேடிப் பாருங்கள். திடலின் ஓரத்தில் எழுத்துகள் நட்டிருப்பார்கள். சவாரி செய்பவரின் உடம்பு அந்த எழுத்துக்கு நேராக வரும்போது நடை மாற வேண்டும் என்பது விதி. மாறும் இடத்துக்குச் சில அடிகள் முன்னாலிருந்து குதிரையின் பின்பக்கத்தை மட்டும் பாருங்கள். கொஞ்சம் தாழ்ந்து, அடிகள் குறுகுவது தெரியும்.

தசை பலப்பட மாதங்கள் ஆகும், அதைச் சுருக்க வழியில்லை. வாரத்தில் நான்கைந்து நாள், நம் ஊர் வெயில் ஏறுவதற்கு முன், அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட வேலை போதும். அடுத்த வகுப்பில் கேண்டரை முழுவதுமாக மறந்துவிட்டு, வாக்கிலிருந்து ட்ராட்டுக்கும் ட்ராட்டிலிருந்து வாக்குக்கும் மட்டும் போய்வாருங்கள். ஒவ்வொரு முறை குதிரை சரியாகச் செய்ததும் அந்தக் கணமே கையை இளக்குங்கள்.